வெங்காய ஆட்டோ லிசியும் எக்கோ இல்லாத மைக்கும்

திருச்சிக்காரர்களில் பாதிப் பேருக்கு லிசியின் முகம் தெரியாது. ஆனால் குரல் தெரியாதவர் யாருமே இருக்க முடியாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பாடா என்று தலையைச் சாய்க்கிற நேரம் பார்த்து, "வாங்கம்மா வாங்க, சாம்பார் வெங்காயம், நாட்டு வெங்காயம், வாசலுக்கே வந்திருக்கு வாங்க" என்று தெருவில் ஒரு குரல் போகிறதே, நீங்களும் மனசுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்குகிறீர்களே, அது பாலக்கரை லிசியின் குரல். பழைய இரும்புக்கும் அவள்தான். கோலமாவுக்கும் உப்புக்கும் அவள்தான். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, இலவசக் கண் பரிசோதனை முகாம், காணாமல் போன நாய்க்குட்டி வரைக்கும் எல்லாம் அவள்தான்.

அத்தனையும் அவள் பேசியது பிலோமின்ராஜின் ஸ்டூடியோவில். ஸ்டூடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரே ஒரு அறை. சுவர் பூராவும் முட்டை அட்டை. நடுவில் ஒரு மைக், அதற்கு வெல்வெட்டில் உறை, உறைக்கு மேல் ஒரு ஜெபமாலை. மனுஷர் கெட்டவர் இல்லை. லிசியை வாய் நிறையத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், பேசி முடித்தால் டீ வாங்கித் தருவார். ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஊரில் யாராவது செத்தால் ஆட்டோவில் ஹார்ன் ஸ்பீக்கர் கட்டித் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார்களே, அந்த மரண அறிவிப்பு மட்டும் அவர் குரலில்தான் போகும். அதில் வேறு யாரும் வாய் வைக்கக் கூடாது.

லிசியின் அம்மா செபஸ்தியம்மாள் செத்த அன்றைக்குத்தான் அந்தச் சட்டம் லிசியின் தலையில் இடித்தது. அழுது வீங்கிய முகத்தோடு படியேறிப் போய், "அண்ணே, எங்கம்மாவுக்கு நானே பேசிடுறேன்" என்றாள்.

"வேணாம் தங்கச்சி. சாவுன்னா குரல்ல ஒரு கனம் வேணும். பொம்பளைக் குரல்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். ஏதோ தள்ளுபடின்னு நெனைச்சுக்கிட்டுப் போயிடுவான்" என்றார் பிலோமின்ராஜ்.

கூட வந்த தம்பி சேவியர் அதற்குத் தலையை ஆட்டினான் பாருங்கள், அதுதான் லிசிக்கு இன்னும் எரிச்சல். ஆட்டோ புறப்பட்டது. ஆரோக்கியசாமி அவர்களின் துணைவியாரும், சேவியர் அவர்களின் தாயாருமான திருமதி ஆரோக்கியசாமி அவர்கள் இறைவனடி சேர்ந்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தது. பாலக்கரையில் பாதிப் பெண்களுக்குப் பாவாடையும் ரவிக்கையும் தைத்துக் கொடுத்த மனுஷி அவள். செபஸ்தியம்மாள் என்றால் தெரியும், திருமதி ஆரோக்கியசாமி என்றால் யாருக்குத் தெரியும்? அடக்கம் முடிந்து எத்தனையோ நாள் கழித்து, தைக்கக் கொடுத்த துணியைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி வந்து நின்றாள். விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று லிசியைத்தான் திட்டினாள்.

அந்தத் திட்டு லிசிக்கு உள்ளேயே தங்கிவிட்டது. என்றைக்காவது ஒருநாள் சாவு அறிவிப்பை நானே பேசிக் காட்டுகிறேன், செத்தவளின் பெயரை முதலில் சொல்லிக் காட்டுகிறேன் என்று பிலோமின்ராஜிடம் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் சிரித்தார். பேசு தங்கச்சி, தாராளமா பேசு, ஆனா எதுல பேசுவ, மைக்கு என்கிட்டல்ல இருக்கு என்றார்.

ஆகட்டும் என்று படி இறங்கினாள் லிசி. மைக் என்ன வானத்திலிருந்தா குதிக்கிறது? கடையில்தானே விற்கிறது!

அன்றைக்கே மகள் பெலிண்டாவைப் பிடித்து உட்கார வைத்தாள். காலேஜ் படிக்கிற பெண், செல்போனில் தேடித் தேடி வீடியோவாகக் காட்டினாள். ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு தாடிக்காரப் பையன், ஒவ்வொருத்தன் கையிலும் ஒரு மைக். வீட்டில் ரெக்கார்டிங் செய்ய வேண்டுமா, கண்டென்சர் மைக் வாங்கு, அப்படியே ஸ்டூடியோ மாதிரி இருக்கும் என்பதில் மட்டும் எல்லாத் தாடிக்கும் ஒரே கருத்து. இருப்பதிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து ஆர்டர் போட்டார்கள். ஸ்டாண்டு, வலை, வயர் என்று ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கியது. மாட்டி நிறுத்தியதும் அது பிலோமின்ராஜின் மைக்குக்கு உடன்பிறந்தது போலவே இருந்தது. லிசிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

பேசிவிட்டுப் போட்டுக் கேட்டால், லிசி பேசியது கேட்டது. அதோடு பக்கத்து வீட்டு கிரைண்டரும் கேட்டது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது கேட்டது, கோயில் மணி கேட்டது, ரயில் போனது கேட்டது. எதிர் வீட்டு மாமியாரும் மருமகளும் போட்ட சண்டை ஒரு சொல் விடாமல் விழுந்திருந்தது. அதை லிசி முழுசாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் அழித்தாள், அது வேறு விஷயம். ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பேசிப் பார்த்தாள். சித்திரை மாசத்துத் திருச்சியில் கம்பளிக்குள் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வெந்துபோய் வெளியே வந்தாள். கிரைண்டர் மட்டும் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த மைக் அமைதியான வீட்டுக்காரர்களுக்கு, நமக்கும் அமைதிக்கும் என்ன சம்பந்தம் என்று அதைத் திருப்பி அனுப்பினாள்.

அடுத்தது நஸ்ருல்லா கடை. சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு சந்தில், கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர், விற்கவும் செய்வார். நம்ம ஊரில் மைக் வாங்குகிற அழகுதான் உங்களுக்குத் தெரியுமே. கடைக்காரர் மைக்கைக் கையில் கொடுப்பார், நாம் ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங் என்போம், அவர் நைசாக எக்கோவைத் திருகிவிடுவார். ஒரு ஹலோ ஒன்பது ஹலோவாகப் போய் வரும். நமக்குப் புல்லரித்துவிடும். எக்கோ இல்லாமல் இந்த ஊரில் ஒரு காதுகுத்தாவது நடந்திருக்கிறதா? லிசிக்கும் புல்லரித்தது. வானத்திலிருந்து யாரோ பேசுவது போல அவளுடைய குரலே அவளுக்குக் கேட்டது. கனம் வேண்டும் என்றாரே பிலோமின்ராஜ், இதோ கனம் என்று எக்கோ போடுகிற பெட்டியோடு சேர்த்தே மைக்கை வாங்கிவிட்டாள். தலையில் மாட்டுகிற ஹெட்போனும் ஒன்று, பெலிண்டா தேர்ந்தெடுத்தது. பாட்டுப் போட்டால் நெஞ்சாங்கூடு அதிரும்.

வீட்டுக்கு வந்ததும் மாதிரிக்கு ஒரு மரண அறிவிப்பு எழுத உட்கார்ந்தாள். அங்கேதான் ஒரு சிக்கல். யார் பெயரைப் போடுவது? உயிரோடு இருக்கிறவர் யாராவது தன் பெயரைச் சாவு அறிவிப்புக்கு இரவல் கொடுப்பாரா? கற்பனையாக ஒரு பெயரைப் போட்டால், இத்தனை பெரிய ஊரில் அந்தப் பெயரில் எவளாவது இருந்து தொலைப்பாள். லிசி யோசிக்கவே இல்லை. தன் பெயரையே போட்டாள். பெலிண்டா பதறிப்போய், அம்மா, வாயைக் கழுவுங்க என்று அழாத குறையாகச் சொன்னாள். ஏண்டி, நான் கூப்பிட்டதும் ஓடி வருவதற்குச் சாவு என்ன ஷேர் ஆட்டோவா என்று கேட்டுவிட்டு லிசி பேச ஆரம்பித்தாள்.

ஹெட்போனில் கேட்டால் தேனாக இருந்தது. ஆனால் சாவு அறிவிப்பை யாரும் ஹெட்போனில் கேட்பதில்லை, ஹார்னில்தான் கேட்கிறார்கள். அதனால் ராமரைக் கூப்பிட்டாள். ராமர் ஸ்ரீரங்கத்துக்காரர், வெங்காய ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய வெங்காயத்துக்கு வாய் லிசிதான், ரொம்ப வருஷமாக. ஊருக்குள் வைத்துப் போட்டுப் பார்க்க முடியாத சமாசாரம் என்பதால், ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் கொள்ளிடக் கரையில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஆட்டோவை நிறுத்தினார்கள். ராமர் வெங்காயம் இருக்கிற பென் டிரைவிலேயே இதையும் ஏற்றிப் போட்டுவிட்டார். லிசி மணலில் நடந்து தூரமாகப் போய் நின்று கேட்டாள்.

ஒரு எழவும் புரியவில்லை. ஹார்ன் ஏற்கெனவே கத்துகிற ஜாதி, அதன் வாயில் எக்கோவையும் திணித்தால் என்ன மிஞ்சும்? ஒரு சொல் முடிவதற்குள் முந்தின சொல் திரும்பி வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ராமர் பாவம், நல்லதாகச் சொல்லத்தான் பார்த்தார். யாரோ கிணத்துக்குள்ள விழுந்துட்டு உதவிக்குக் கூப்பிடுற மாதிரி இருக்குக்கா என்றார். மணலில் நின்ற இடத்திலேயே லிசிக்குக் கண் கலங்கிவிட்டது. பிலோமின்ராஜ் சொன்னது சரிதானோ, நமக்கு வெங்காயம்தான் லாயக்கோ என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. உடனே தன் மேலேயே கோபம் வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுங்க, பாய் கடைக்கு விடுங்க என்றாள்.

நஸ்ருல்லா சிரித்த முகமாக வரவேற்றார். லிசி சிரிக்கவில்லை.

"பாய், முதல்ல எக்கோவை அணைங்க. அணைச்சிட்டு, எது எப்படிக் கேக்குதோ அப்படியே காட்டுங்க."

அவர் கொஞ்சம் ஆடித்தான் போனார். இந்தக் கடையில் இதுவரை ஒரு ஜீவன் அப்படிக் கேட்டதில்லை என்றார். எக்கோ இல்லாமல் கொடுத்தால் மைக் ரிப்பேர் என்று திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறார்களம்மா, நான் என்ன செய்யட்டும் என்றார். லிசி அதற்கெல்லாம் அசையவில்லை. ராமரின் ஆட்டோவைக் கடை வாசலிலேயே நிறுத்தி, பெலிண்டாவின் லேப்டாப்பைக் கல்லா மேஜையில் வைத்து, ஒவ்வொரு மைக்காக வாங்கி ஒரே வெங்காய வரியைப் பேசினாள். பேசியதை உடனே ஹார்னில் போடச் சொன்னாள். அந்தச் சந்துக்கே அன்றைக்குப் பொழுதுபோக்கு. வெங்காயம் வாங்க ரெண்டு பேர் பையோடு வந்தேவிட்டார்கள்.

கடைசியில் தேறியது ஒரு கறுப்பு மைக். பார்க்க அழகில்லை. கூட்டத்தில் தலைவர்களெல்லாம் எச்சில் தெறிக்கப் பிடித்துக்கொண்டு கத்துவார்களே, அந்த ரகம். டைனமிக் மைக் என்றார் நஸ்ருல்லா. வாயை ஒட்டி வைத்துப் பேச வேண்டும், ஒரு முழம் தள்ளிப் போனால் கேட்காது, அதனாலேயே பக்கத்து வீட்டு கிரைண்டரும் உள்ளே வராது. இதைவிட விலை கூடினதும் ரெண்டு இருந்தன. ஹார்னில் போட்டால் மூன்றுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரியாத வித்தியாசத்துக்கு நான் எதற்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும் என்று லிசி விலை குறைந்ததையே எடுத்துக்கொண்டாள். லேப்டாப்பில் மாட்ட ஒரு சின்னப் பெட்டி. ஹெட்போனையும் மாற்றினாள். நெஞ்சை அதிரவைத்த அந்தப் பழையது எல்லாவற்றுக்கும் சர்க்கரை போட்டுக் காட்டியது, பேசினது நன்றாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. காதை முழுசாக மூடி, சத்தத்தை வெளியே ஒழுக விடாமல், உள்ளதை உள்ளபடி சொல்கிற ஒரு மொட்டை ஹெட்போன் போதும் என்றாள். இது நல்லாவே இல்லம்மா என்று பெலிண்டா முகத்தைச் சுளித்தாள். அழகு பார்க்கவா வந்தோம் என்றாள் லிசி.

வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் பேசினாள். வெங்காயக் குரலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். பாலக்கரை லிசி. தையல்காரர் செபஸ்தியம்மாளின் மகள். ஆஸ்டினின் மனைவி, பெலிண்டாவின் தாய். இந்த ஊரின் தெருக்களில் குரலாக நடந்தவர். இன்று காலை இறைவனடி சேர்ந்தார், நல்லடக்கம் மாலையில். பேசி முடித்ததும் முதலிலிருந்து ஒரு தடவை போட்டுக் கேட்டாள். மறுநாள் கொள்ளிடக் கரையில் ராமர் மட்டும், அதே பென் டிரைவில் பழையதை அழித்துவிட்டு இதை ஏற்றிப் போட்டுப் பார்த்தார். போன் பண்ணி, அக்கா, சுத்தமா கேக்குது, எனக்கே அழுகை வந்திருச்சு என்றார். லிசி சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டு நெத்திலி ஆய உட்கார்ந்தாள்.

ராமர் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு பாலக்கரைக்கு வெங்காயம் விற்க வந்தார். பென் டிரைவிலிருந்து அந்த அறிவிப்பை அழிக்க வேண்டும் என்று அந்த மனுஷருக்குத் தோன்றவில்லை. யாரோ ஒரு அம்மா மூட்டையாகக் கேட்டார்கள் என்று ஹார்னை ஓடவிட்டுவிட்டு வெங்காயத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்கு மாடி ஏறினார். கீழே ஆட்டோ தன் பாட்டுக்கு வெங்காயத்தைச் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, அடுத்ததாகப் பாலக்கரை லிசி செத்துப்போனதைச் சொன்னது. பிறகு மறுபடியும் வெங்காயம். மறுபடியும் லிசி.

லிசி நெத்திலி ஆய்ந்துகொண்டே இருக்கிறாள், வாசலில் கூட்டம் கூடுகிறது! எதிர் வீட்டு மாமியாரும் மருமகளும் சண்டையை நிறுத்திவிட்டு ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். லால்குடி அரிசி மண்டியில் வேலை பார்க்கிற புருஷன் ஆஸ்டினுக்கு யாரோ போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள். அவர் லிசிக்குப் போன் பண்ணி, அவள் குரலைக் கேட்டதும் விம்மி விம்மி அழுதார். மீன் கையோடு வாசலுக்கு வந்து நின்ற லிசியைப் பார்த்து ரெண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஐயோ, உயிரோடத்தான் இருக்கேன், பரீட்சைக்குப் பேசினது அது என்று அவள் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தர் வந்தார். வேட்டி சட்டை, கையில் ரோஜா மாலை, கண்ணெல்லாம் சிவப்பு. பிலோமின்ராஜ்.

மாலையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். 

"உங்களுக்கு யாருண்ணே சொன்னது?" என்று கேட்டாள் லிசி.

"ஆட்டோல சொன்னாங்க தங்கச்சி."

"பொம்பளைக் குரலாச்சே. எப்படி நம்புனீங்க?"

அவர் மாலையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "பெலிண்டா பேசுறான்னு நெனைச்சேன்ம்மா. பெத்தவளுக்கு மகளே சொல்றாளேன்னு கேட்டதும் எனக்கு நிக்க முடியல. அப்படியே ஓடி வந்தேன்."

லிசிக்கு அவரைக் கிழித்துத் தோரணம் கட்ட வார்த்தைகள் வரிசையாக நின்றன. வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த வார்த்தைகள். ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார், அதுவும் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார். எங்கம்மாவுக்கு மக நானே சொல்றேன்னு கேட்கத்தானேண்ணே அன்னிக்கு உங்க படி ஏறி வந்தேன் என்று மட்டும் சொன்னாள். 

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் தப்பாப் போயிருச்சு, வா, ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு திருத்தம் போட்டுடலாம், நானே பேசுறேன், நான் சொன்னாத்தான் ஜனங்க நம்பும் என்றார். பழக்கம் எங்கே போகும்!

வேண்டாம் என்றாள் லிசி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். உள்ளே போய் ஹெட்போனைக் காதில் மாட்டினாள், கறுப்பு மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள். வாசலில் நின்ற கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. பிலோமின்ராஜ் மாலையும் கையுமாகக் கதவோரம் நின்றார், இருமல் வந்ததை அடக்கிக்கொண்டார். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஓடட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் பேசினது இவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் வரை ராமர் அதைத் தெருத் தெருவாகக் கொண்டுபோனார், பிலோமின்ராஜின் ஜெராக்ஸ் கடைத் தெரு உள்பட.

"வணக்கமுங்க. தையல்காரர் செபஸ்தியம்மாள் மக லிசி பேசுறேன். நான் சாகலை. நான் செத்தா என் மகதான் சொல்லுவா, அப்ப வாங்க."